சிவப்பும் மஞ்சளும்: ஈவென்ட் வியூவரைப் படிப்பது எப்படி?

விண்டோஸ் கணினியில், உள்ளே நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரை முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் பயந்துதான் போகிறார்கள். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாகப் பக்கம் பக்கமாக ஓடுகிறது பட்டியல். ஆனால் எந்தக் குறையும் இல்லாத புதுக் கணினியில், விண்டோஸ் நிறுவி ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் இதே காட்சிதான்.

காரணம் எளிது. விண்டோஸின் ஒவ்வொரு பகுதியும், தான் எதிர்பார்த்தபடி ஒன்று நடக்காவிட்டால் உடனே ஒரு வரி எழுதிவைக்கும். இணைய இணைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே ஒரு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது தோற்கும், சிவப்பில் பிழை என்று எழுதும், பிறகு மறுபடி முயன்று சரியாக ஓடத் தொடங்கும். தோற்றது சிவப்பாகக் கண்ணில் படுகிறது. பிறகு சரியானது சாதாரணத் தகவல் வரிகளுக்குள் மறைந்துபோகிறது. எந்த நிகழ்வுக்கு எந்த நிறம் என்பதை முடிவுசெய்தவர் அந்தப் பகுதியை எழுதிய நிரலாளர். உங்கள் கணினிக்கு அது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்குத் தெரியாது. கீழே வரப்போகும் சில மஞ்சள் எச்சரிக்கைகள் பல சிவப்புப் பிழைகளைவிட அவசரமானவை.

அதனால் பட்டியலின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பிழைக்கும் தீர்வு தேடுவது வீண் வேலை. முதலில் கணினியில் உண்மையில் என்ன கோளாறு என்று கேளுங்கள்: தானாக அணைகிறதா, உறைந்து நிற்கிறதா, நீலத்திரை (விண்டோஸே நின்றுபோகும்போது வரும் பிழைத்திரை) வருகிறதா, ஒரே ஒரு நிரல் மட்டும் மூடிக்கொள்கிறதா? அது நடந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டு, பதிவில் அந்த நேரத்துக்குப் போங்கள். கோளாறு ஏதும் இல்லையென்றால், வட்டு பற்றியும் வன்பொருள் பற்றியும் வரும் சில பதிவுகளைத் தவிர மற்றவற்றை விட்டுவிடலாம்.

இந்தச் சிவப்பு வரிகளை வைத்தே ஏமாற்றுபவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பார்கள், ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு சிவப்பும் ஒரு வைரஸ் என்று மிரட்டுவார்கள், பிறகு தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். நீங்கள் கேட்காமல் மைக்ரோசாஃப்ட் யாரையும் அப்படி அழைப்பதில்லை. பேச்சை நீட்டாமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

திறப்பதும் வடிகட்டுவதும்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவர் இருக்கும். இடப்பக்கத்தில் விண்டோஸ் லாக்ஸ் என்பதை விரித்தால் தெரியும் ஐந்து பதிவேடுகளில் வீட்டுக் கணினிக்கு வேண்டியவை இரண்டு. சிஸ்டம் என்பதில் வன்பொருள், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), மின்சாரம், வட்டு பற்றியவை வரும். அப்ளிகேஷன் என்பதில் நிரல்கள் செயலிழந்த கதை இருக்கும். வலப்பக்கத்தில் ஃபில்டர் கரண்ட் லாக் என்பதை அழுத்தி, கிரிட்டிகல், எரர், வார்னிங் மூன்றையும் தேர்ந்தெடுத்து, கடைசி 24 மணி நேரம் என்று கொடுத்தால் பட்டியல் படிக்கும் அளவுக்குச் சுருங்கும்.

ஒரு பதிவில் மூன்று விஷயங்கள் முக்கியம்: நேரம், சோர்ஸ் எனப்படும் எழுதியவரின் பெயர், ஈவென்ட் ஐடி எனப்படும் எண். எண்ணை மட்டும் வைத்து இணையத்தில் தேடாதீர்கள். சிஸ்டம் பதிவேட்டில் பக்செக் என்ற சோர்ஸ் எழுதும் 1001 நீலத்திரையைக் குறிக்கும். அப்ளிகேஷன் பதிவேட்டில் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் எழுதும் 1001 சாதாரணத் தகவல். பெயரும் எண்ணும் சேர்ந்ததே முகவரி.

நேரமே தவறாக இருந்தால் இந்த முறை எதுவும் உதவாது. கணினியை மின்சாரத்திலிருந்து துண்டித்து வைத்த பிறகு கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032 வகை, 3 வோல்ட். அதே காரணத்தால் இணையதளங்களைத் திறக்கும்போது சான்றிதழ் பிழைகளும் வரும். பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் மென்பொருள்) அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தாண்டிப் போக வேண்டியவை

டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 பலரை அலைக்கழிக்கும் பதிவு. ஒரு பகுதி முதலில் ஒரு வழியில் அனுமதி கேட்கிறது, கிடைக்கவில்லை, வேறு வழியில் பெற்றுக்கொள்கிறது. வடிவமைப்பே அப்படித்தான், புறக்கணிக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இதை மறைப்பதற்காக, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் அனுமதிகளை மாற்றச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அவற்றைச் செய்தால் இல்லாத கோளாறு உண்டாகலாம்.

டிஎன்எஸ் கிளையன்ட் 1014 எப்போதாவது வந்தால் இணையப் பெயர் ஒன்றுக்குப் பதில் வரத் தாமதமாயிற்று என்றுதான் பொருள். சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் 7009, ஒரு சர்வீஸ் 30000 மில்லிநொடிக்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், பதில் தரவில்லை என்கிறது. கணினி எழும்போது ஒருமுறை வந்தால் விடுங்கள். தினமும் ஒரே சர்வீஸின் பெயரோடு வந்தால், அது எந்த மென்பொருளைச் சேர்ந்தது என்று பார்த்து அதைப் புதுப்பியுங்கள் அல்லது நீக்குங்கள்.

கெர்னல்-பவர் 41: காரணம் அல்ல, விளைவு

கிரிட்டிகல் என்ற உச்சத் தரத்தோடு வருவது இது. முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதே இதன் முழுச் செய்தி. கவனியுங்கள்: கணினி நின்றுபோனபோது எழுதப்பட்டதல்ல, அடுத்த முறை எழுந்ததும் எழுதப்பட்டது. மின்தடையாலும் இது வரும், நீங்கள் ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் வரும், நீலத்திரைக்குப் பிறகும் வரும். கூடவே ஈவென்ட்லாக் 6008 இருக்கும். முந்தைய அணைப்பு எத்தனை மணிக்கு எதிர்பாராமல் நடந்தது என்பதை அது சொல்லும்.

41ஐத் திறந்து டீடெயில்ஸ் தாவலுக்குப் போங்கள். அங்கே பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு பூச்சியம் இல்லையென்றால் நீலத்திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்க்காவிட்டாலும்கூட. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த எண் பத்தடிமானத்தில், அதாவது நாம் வழக்கமாக எண்ணும் முறையில், இருக்கும். நீலத்திரைக் குறியீடுகளோ பதினாறடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்ட முறையில், எழுதப்படுகின்றன. 159 என்று பார்த்து 159ஐத் தேடினால் தொடர்பில்லாத பக்கங்களுக்குப் போவீர்கள். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் முறைக்கு மாற்றி 159ஐக் கொடுத்தால் 9எஃப் என்று வரும்: தூக்க நிலைக்குப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் சிக்கிக்கொண்டது. அதேபோல 26 என்பது 1ஏ, நினைவக மேலாண்மைப் பிழை. 122 என்பது 7ஏ, வட்டிலிருந்து படிக்க முடியவில்லை. 278 என்பது 116, கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் தரவில்லை. 292 என்பது 124, வன்பொருளே புகார் செய்தது.

மதிப்பு பூச்சியமாக இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரம் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் பொருள். அதே பக்கத்தில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், பவர் பொத்தானை யாரோ நீண்ட நேரம் அழுத்தி அணைத்திருக்கிறார்கள். இரண்டுமே பூச்சியமென்றால் நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் சாட்சி. திரை சட்டென்று இருண்டு கணினி தானாக எழுந்ததா? பவர் சப்ளை, சுவரிலுள்ள பிளக், நீட்டிப்புப் பலகை, அதிக வெப்பம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். படம் அப்படியே உறைந்து, ஒலி ஒரே துண்டாகத் திரும்பத் திரும்பக் கேட்டு, நீங்கள் ரீசெட் அழுத்த நேர்ந்ததா? ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, ஓவர்கிளாக் (இயல்பைவிட வேகம் கூட்டும்) அமைப்புகள் பக்கம் பாருங்கள்.

சும்மா இருக்கும்போது நன்றாக ஓடி, விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் அணைந்தால் சுமைதான் காரணம். முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். இன்றைய பிராசஸர்கள் பலவும் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் அருகே வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும். தூசியைத் துடைத்து, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பார்த்த பிறகும் வெப்பம் குறையாவிட்டால், பிராசஸருக்கும் அதன் வெப்பத்தை இழுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பசை காய்ந்திருக்கலாம். வெப்பம் சரியாகவே இருந்தும் அணைகிறது என்றால், நீட்டிப்புப் பலகையைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். அடுத்து, நல்ல நிலையில் உள்ள வேறொரு பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழைய பவர் சப்ளையைத் திருகு கழற்றித் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நீலத்திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறதா? சிஸ்டம் பண்புகளில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி அமைப்பில் தானாக ரீஸ்டார்ட் ஆவதற்கான குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், படம் எடுத்துக்கொள்ளலாம்.

வட்டு பற்றிய பதிவுகள்: மஞ்சளே ஆனாலும் அவசரம்

மற்ற எல்லாக் கோளாறுகளும் நேரத்தையும் பொறுமையையும் தின்பவை. வட்டுக் கோளாறு உங்கள் படங்களையும் கோப்புகளையும் தின்றுவிடும். ஆகவே டிஸ்க் என்ற சோர்ஸ் பெயரைக் கண்டால் அங்கே நில்லுங்கள்.

டிஸ்க் 7 என்றால் படிக்க முடியாத இடம் ஒன்று வட்டில் இருக்கிறது. டிஸ்க் 51, நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே தரவு போய்வரும்போது பிழை. டிஸ்க் 153, ஒரு கோரிக்கை முதல் முறை நிறைவேறாமல் மறுபடி அனுப்பப்பட்டது. 51ம் 153ம் மஞ்சள் எச்சரிக்கைகள்தாம். ஆனால் 153 நாளுக்குப் பத்து என்று வரத் தொடங்கினால் வட்டோ கேபிளோ தளர்ந்துகொண்டிருக்கிறது. வட்டுகளை இயக்கும் டிரைவர்களான ஸ்டோராசி அல்லது ஸ்டோர்என்விஎம்இ எழுதும் 129ம் மஞ்சள்தான். வட்டு பதில் சொல்லாததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. கணினி சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் வரை அசையாமல் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறதே, அந்தத் தருணத்தில் பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த 129தான் இருக்கும். என்டிஎஃப்எஸ் 55, கோப்பு அமைப்பே சிதைந்திருக்கிறது என்கிறது.

எந்த வட்டு? பதிவிலேயே ஹார்ட்டிஸ்க்0, ஹார்ட்டிஸ்க்1 என்று எழுதியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று அதே எண்கள் தெரியும். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் 1 என்பது இரண்டாவது வட்டு. அது நீங்கள் பிடுங்கிய பென்டிரைவாக இருந்தால் கவலையில்லை. டிஸ்க் 157, அதாவது வட்டு திடீரென்று அகற்றப்பட்டது என்ற பதிவு, பென்டிரைவுக்கு வருவது இயல்பு. பெட்டிக்குள் திருகிவைத்த வட்டுக்கு வந்தால் அதன் மின் இணைப்போ தரவுக் கேபிளோ விட்டுவிட்டு வேலைசெய்கிறது.

இப்போது செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் நகல். முக்கியமான கோப்புகளை வேறு வட்டுக்கு எடுத்துவிடுங்கள், சோதனைகளெல்லாம் அதற்குப் பிறகு. பலரும் முதல் வேலையாக, வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓடவிடுகிறார்கள். கெட்ட பகுதிகளைத் தேடும் முழுச் சோதனை வட்டின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகும் நிலையிலுள்ள வட்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

நகல் எடுத்தபின், வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலைத் திறவுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் நான்கு வரிகளைத் தேடுங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6, கைவிடப்பட்டவை. இவை மூன்றும் பூச்சியமாக இருப்பது நல்லது. சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நான்காவது சி7, கேபிள் வழியே போகும்போது தரவு கெட்ட எண்ணிக்கை. இது மட்டும் ஏறினால் வட்டைக் குறைசொல்லாதீர்கள், வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். சி7 ஒருபோதும் கீழே இறங்காது. கேபிள் மாற்றிய பிறகு மேலே ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. இந்த நிரல் மூல மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே 10 என்றால் 16.

ரேமும் வியா பதிவுகளும்

வியா-லாகர் என்பது வன்பொருள் தானே எழுப்பும் புகார்களின் பதிவாளர். 17, 19 இரண்டும் பிழை நடந்தது, உடனே திருத்தப்பட்டது என்பவை. 18 மட்டும் திருத்த முடியாமல் போனது. 17 பெரும்பாலும், மதர்போர்டில் கார்டுகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் வருவது: கிராஃபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ வட்டையோ கழற்றித் திரும்ப உட்கார வைப்பது, பயாஸைப் புதுப்பிப்பது இவற்றில் பல நேரம் தீரும். 18ம் 19ம் வந்தால் முதல் வேலை, பிராசஸர், ரேம் இரண்டிலும் வேகம் கூட்டிய அமைப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதும் ஒருவகை வேகக் கூட்டலே. பெட்டியில் அச்சிட்ட வேகம்தானே என்று பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் ரேம் தாங்கும் வேகத்தை உங்கள் பிராசஸரும் மதர்போர்டும் தாங்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

ரேமைச் சந்தேகிக்க இன்னொரு நல்ல தடயம் அப்ளிகேஷன் பதிவேட்டில் கிடைக்கும். அப்ளிகேஷன் எரர் 1000இல் விழுந்த நிரலின் பெயரும், அதற்குள் விழுந்த மாட்யூலின், அதாவது துணைக்கோப்பின், பெயரும் இருக்கும். ஒரே நிரல், ஒரே மாட்யூல் என்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த நிரலில்தான் குறை. புதுப்பியுங்கள் அல்லது நீக்கி மறுபடி நிறுவுங்கள். இன்று உலாவி, நாளை விளையாட்டு, மறுநாள் விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்று சம்பந்தமில்லாதவை மாறி மாறி விழுந்தால், அவை எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் ஒன்றில் கோளாறு. பெரும்பாலும் அது ரேம்.

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடி ஓடவிடலாம். அதில் பிழை வந்தால் உறுதி. வராவிட்டால் உறுதி இல்லை, ஏனென்றால் அந்தச் சோதனை மேலோட்டமானது. பென்டிரைவிலிருந்து எழும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவதே சரியான சோதனை. இதில் ஒரே ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. பிழை வந்தால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதியுங்கள். நான்கு செருகிடம் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு உரிய இடம் பிராசஸரிலிருந்து இரண்டாவது. பிழை ரேமோடு நகர்கிறதா, செருகிடத்திலேயே தங்குகிறதா என்று பாருங்கள். முதலாவதானால் ரேமை மாற்ற வேண்டும், இரண்டாவதானால் மதர்போர்டு அல்லது பிராசஸர்.

விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் கட்டளைகள்

எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாக இணையம் சொல்வது எஸ்எஃப்சி. அது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் மட்டுமே உதவும். டிரைவர், ரேம், வட்டு எதையும் தொடாது. எஸ்எஃப்சி சரியான நகலை விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் எடுத்து என்ன பயன்? ஆகவே முதலில் களஞ்சியத்தைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம் கட்டளை, பிறகு எஸ்எஃப்சி. கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, டிஐஎஸ்எம் என்ற நான்கெழுத்துக்குப் பின் மூன்று சாய்கோட்டுச் சொற்கள்: /ஆன்லைன், /கிளீனப்-இமேஜ், /ரெஸ்டோர்ஹெல்த். ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடைவெளி, எல்லாம் ஆங்கில எழுத்தில். பாதியில் சில சதவீதத்திலேயே வெகுநேரம் நின்றுவிடும், மூடாமல் காத்திருங்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, /ஸ்கேன்நவ்.

இவற்றுக்கும் முன்னால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8லிருந்து உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையமான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப எழுகிறது. சிக்கிய டிரைவர் சிக்கியபடியே வரும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் அப்டைம் என்பதைப் பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியில் பத்து நாள் என்று இருந்தால் இதுதான் காரணம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ரேமை மாற்றி, டிரைவரைப் புதுப்பித்து, கேபிளையும் மாற்றிவிட்டால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், தேதியோடு எழுதிவையுங்கள், காத்திருங்கள். எவ்வளவு நாள்? கோளாறு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தது என்றால், மறுநாள் நன்றாக ஓடியதில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியின் மூன்று மடங்காவது, அதாவது ஒன்பது பத்து நாளாவது, அமைதியாகப் போனால்தான் நம்பலாம்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஈவென்ட் வியூவரைவிட ரிலையபிலிட்டி மானிட்டர் வசதியானது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், எந்த நாளில் எது விழுந்தது, எந்த நாளில் எந்த மென்பொருளோ புதுப்பிப்போ நிறுவப்பட்டது என்பதை அடுத்தடுத்துக் காட்டும். சிவப்புக் குறிகள் தொடங்கிய நாளுக்கு முந்தைய நாளில் ஒரு டிரைவர் நிறுவப்பட்டிருந்தால் டிவைஸ் மேனேஜருக்குப் போய், அந்தச் சாதனத்தின் பண்புகளில், ரோல்பேக் டிரைவர் கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். சிஸ்டம் பதிவேட்டின் இயல்பான அளவு 20 எம்பி மட்டுமே. நிரம்பினால் பழைய வரிகள் தானாகவே அழிந்து புதியவை ஏறும். விண்டோஸை மறுபடி நிறுவும் முன்போ, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்போ, சிஸ்டம் என்பதன்மேல் வலச்சொடுக்கி, சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ் கொடுத்துப் பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். ஒவ்வொரு நீலத்திரையின் நேரத்திலும் எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தது என்ற விவரம் அதற்குள்தான் இருக்கிறது.